வடமாலைப்பேட்டை மேட்டில் இழுக்காத வண்டி

என் நைனாவுக்கு,

வண்டி சரியாகிவிட்டது. உன்னிடம் முதலில் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. நீ போய் இரண்டு மாதமாகிறது. இதற்குள் நம் வீட்டில் சரியானது அந்த வண்டி ஒன்றுதான்.

பொங்கல் போன வாரம் வந்துபோனது. அம்மா அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பொங்கலை நானும் தொடவில்லை. "பொங்கல் கழிச்சிப் பாத்துக்கலாம் நைனா" என்று உன்னிடம் நான் சொன்னதுதான் அன்று முழுவதும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

உனக்கு நினைவிருக்கிறதா? கார்த்திகை மாதம், விடாத மழை. புத்தூர் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு, ஸ்ரீ சிட்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் கேன்டீனில் இறக்கிவிட்டு வந்தாய். தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாய்.

"வண்டி இழுக்கல பாப்பா. இன்ஜினுக்குப் போற காத்தக் குளுர வெக்குதே, அந்த இன்டர்கூலர்ல தண்ணியும் ஆயிலும் சேந்துகினு கீது. ஹோஸெல்லாம் ஆயில்ல ஊறிப் போச்சி. ரெண்டு நாளு ஷெட்டுல உட்டா கழட்டி சுத்தம் பண்ணிக் குடுத்துடுவாரு பாஷா."

கேன்டீன் ஆர்டரை வாங்கிக் கொடுத்தவள் நான். காண்ட்ராக்டரிடம் நாலு தடவை நடந்து, எங்க நைனா ஒரு நாள்கூட நிறுத்தமாட்டார் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பெருமையில் பேசினேன். "ரெண்டு நாளு நின்னா வேற வண்டி வெச்சிக்குவாங்க. ஓடிகினுதானே கீது? பொங்கல் கழிச்சிப் பாத்துக்கலாம்."

நீ வாதாடவில்லை. "சரிம்மா" என்றாய். ஏன் நைனா? முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த நீ, ஓட்ட மட்டும் உன்னிடம் கற்றுக்கொண்டு வண்டியைப் பற்றி வேறொன்றும் தெரியாத என் பேச்சை ஏன் கேட்டாய்?

அதன் பிறகு ஒன்பதாவது நாள், எனக்கு வார லீவு, காலை பத்து மணி இருக்கும். சாமான் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவன் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். பஜாரிலிருந்த டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, நிற்காமல் திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்றார். கார் பிடிக்கலாம் என்றாள் அம்மா. அந்த மழையில் கார் வர நேரமாகும் என்று நான்தான் உன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். முன் சீட்டில் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாய்.

வடமாலைப்பேட்டை வரைக்கும் வண்டி எப்படியோ போனது. அதைத் தாண்டி மேடு ஏறும்போது டப்பென்று ஒரு சத்தம். அப்புறம் காற்று சீறுகிற சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கரும்புகை. எவ்வளவு மிதித்தும் இருபதைத் தாண்டவில்லை. லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின.

"ஹோஸ் கழண்டுகிச்சி" என்றாய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நிறுத்தாத. ரெண்டாவது கியர்ல அப்டியே போய்க்கினே இரு."

அம்மா பதறினாள். "ஏன்டி இப்டி ஊர்ந்துகினு போற? வேகமாப் போடி!"

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். நீதான் கண்ணைத் திறக்காமல் சொன்னாய். "மழைல ரோடு வழுக்குது. மெதுவாத்தான் போவணும். கொழந்தையத் திட்டாத."

அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோது உன் கை சில்லிட்டிருந்தது. உள்ளே கொண்டுபோய் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். வெளியே வந்த டாக்டரை அம்மா இல்லாத இடத்தில் நிறுத்திக் கேட்டேன். இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா?

"செப்பலேமம்மா" என்றார். சொல்ல முடியாதாம். பிழைத்திருப்பாய் என்று சொல்லியிருந்தால் அந்தப் பாவத்தோடு கிடந்திருப்பேன். மாட்டாய் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இப்போது எதைப் பிடித்துக்கொள்வது நைனா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போன மூன்றாம் நாள் கேன்டீன் காண்ட்ராக்டர் வீட்டுக்கே வந்தார். வேறு வண்டி வைத்துக்கொண்டோம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் உன் படத்தைக் கும்பிட்டுவிட்டு, என்னிடம் சொன்னார். "காரியமெல்லாம் முடிச்சிட்டு நிதானங்கா ரண்டம்மா, மெதுவா வாங்க. அதுவரைக்கும் வாடகை வண்டி வெச்சி ஓட்டிக்கிறோம். எடம் உங்களுதுதான்."

பதினாறு நாள் காத்திருந்தார். இரண்டு நாள் கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டாரா? கேட்கவே இல்லையே நான்.

காரியம் முடிந்ததும் வண்டியைக் கட்டியிழுத்துக்கொண்டு பாஷா அண்ணன் ஷெட்டுக்குப் போனோம். உன்னோடு வெற்றிலை போட்ட மனுஷன் உன் வண்டியைத் தொடவே கொஞ்ச நேரம் யோசித்தார். முன்பக்கம் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த இன்டர்கூலரை எடுத்து ஒரு சட்டியில் கவிழ்த்தார். பால் விட்ட காபி மாதிரி கொழகொழவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. அரைச் சட்டிக்கு மேல்.

"ஏமிட்டம்மா இதி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "இத வெச்சிகினா மனுஷன் ஓட்டிகினு இருந்தாரு?"

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போயிருக்கும் என்று நான் பயந்தேன். அவர் அதன் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அடைத்துக்கொண்டிருந்தது இன்ஜினின் ஆவியை வெளியே விடும் ப்ரீதர் பைப். அது அடைத்ததால் ஆயில் ஆவி மொத்தமும் காற்று போகிற வழியில் திரும்பி, இன்டர்கூலரில் தங்கியிருக்கிறது. மழைக்காலத்து ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து தண்ணீராகி அதோடு சேர்ந்திருக்கிறது. ஆயிலில் ஊறி இளகிய ஹோஸ் மேட்டில் அழுத்தம் தாங்காமல் கழன்றுகொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

டீசல் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினார். சோப்புத் தண்ணீர் விட்டு அலசி, ஏர் பிடித்து, ஒரு பகல் வெயிலில் கவிழ்த்து வைத்தார். புது ப்ரீதர் பைப், புது ஹோஸ், புது கிளாம்ப். இரண்டு நாள்கூட ஆகவில்லை.

வண்டி சரியான மறுநாள் யாரிடமும் சொல்லாமல் அந்த மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது கியரில் முனகாமல் ஏறியது. அந்த நல்ல சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தேன். யாரோ ஒருவர் பைக்கை நிறுத்தி, வண்டியில் ஏதாவது ரிப்பேரா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இப்போது நாராயணவனத்திலிருந்து ஒரு டிரைவர் வந்து ஓட்டுகிறார். லோடு தவறாமல் போகிறது. நானும் கம்பெனி பஸ் ஏறிப் போகிறேன், வருகிறேன். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

துக்கம் கேட்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். "அந்த மழைல எம் பொண்ணுதான் ஓட்டிகினு போச்சி. ஆம்பளப் புள்ள இருந்தாகூட இப்டிச் செஞ்சிருக்காது." அவர்கள் என் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். நீ எனக்காகச் சொன்ன பொய்யின் மேல் உட்கார்ந்து, எனக்குச் சேராத பெயரை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் நைனா. நீ இரண்டு நாள் கேட்டதை, நான் மறுத்ததை, மேட்டில் நடந்ததை. அவள் அடிக்கலாம். இனி என் முகத்தில் விழிக்காமலே போகலாம். சொல்வதால் எதுவும் திரும்பாது, என் நெஞ்சும் லேசாகாது என்று தெரியும். ஆனாலும் உன்னோடு வாழ்ந்தவளுக்கு நீ எப்படிப் போனாய் என்று தெரியவேண்டாமா? இதற்கும் நாள் தள்ளமாட்டேன். இது சத்தியம்.

நீ நிறுத்தக் கேட்ட வண்டியை ஓட்டச் சொன்ன
உன் பெரிய மகள்,
கோமதி