அஞ்சலையின் வலது கை

1943 நவம்பர் 2, செவ்வாய்

விடியும் முன்பே மழை. சுவர்க் கடிகாரம் ஜப்பான்காரன் உத்தரவில் தோக்கியோ நேரத்தில், வயிறு மலாயாவின் பேராக் நேரத்தில். இரண்டுக்கும் நடுவே நான், நாற்பத்தேழு வயது எஸ்டேட் டிரஸ்ஸர், காயம் கட்டி மருந்து கொடுக்கிறவன்.

ஆஸ்பத்திரிக் கையிருப்பு:
மலேரியாவுக்குக் கொய்னா – இல்லை.
அயோடின் – புட்டியின் அடியில், வாசனைக்கு.
கட்டுத்துணி – ஓடிப்போன துரையின் பங்களாத் திரைச்சீலை. ரோஜாப்பூப் போட்டது. நேற்று முனியன் காலில் கட்டிவிட்டேன், மாப்பிள்ளை மாதிரி நடந்து போனான்.

கணக்கெழுதும் கிராணியையும் ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் காலையில் பெரட்டு எடுப்பதும் நான்தான். கூரைக்கடியில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட வேண்டும். கை தூக்கி ‘இருக்கேன்’ என்பார்கள். எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம் என்பது எஸ்டேட்டின் கஷ்டகாலம்.

மூன்றாம் லயத்து வரிசைவீட்டு அஞ்சலை வந்தாள். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த லாரியில் புருஷன் அய்யாவுவை ஏற்றிய அன்று, பின்பலகையைப் பிடித்துக்கொண்டே ஓடி விழுந்தவள். தோள் வீங்கியது, வற்றியது. ஆறு மாதம் ஆயிற்று. வலது கை மார்புக்கு மேல் எழவில்லை.

பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு மேட்ரன் கற்றுக்கொடுத்த வைத்தியம்: சூடான தவிட்டு ஒத்தடம், பிறகு சுவரில் விரல்களைப் பல்லிபோல ஏறவிடுவது. எட்டிய இடத்தில் கரிக்கோடு. ஒரு மாதமாக அதே கோடு. பல்லி தூங்குகிறது.

விசித்திரம்: நான் தூக்கினால் கை காதுவரை தடையில்லாமல் போகிறது. விட்டால் ஈரத்துணி.

நவம்பர் 3, புதன்

மழை விட்டு விட்டு. மரவள்ளி, மரவள்ளி, இரவுக்கு மாறுதலாக மரவள்ளி.

புது மேனேஜரின் உத்தரவு. திங்கட்கிழமை ஈப்போவிலிருந்து ராணுவ அதிகாரி பெரட்டுக்கு வருகிறார். மண்வெட்டி பிடிக்க முடியாதவர்களுக்குப் பெயர் வெட்டு, அரிசிச் சீட்டு கிடையாது, லாரி ஏற்றி ஏதோ முகாமுக்கு. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து சோறு நன்றாக இருந்தது என்று சொன்னதில்லை.

அஞ்சலையிடம் சொன்னேன். இன்னும் ஐந்து நாள், கை எழுந்தாக வேண்டும் என்று கண்டிப்பாகவே சொன்னேன்.

“கையிகிட்ட சொல்லுங்க டிரஸ்ஸரய்யா. எங்கிட்டச் சொல்லி என்னா?”

நியாயம். கையிடமும் சொன்னேன். கேட்கவில்லை.

நவம்பர் 4, வியாழன்

இன்று ஒரு தப்பு செய்தேன். எழுதிவைக்க வேண்டும்.

என் கண்ணாடியில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஈப்போ சாலையில் காவல் நிற்கும் ஜப்பான் சென்ட்ரிக்கு மற்றவர்களைவிட மரியாதையாகக் குனியப்போய், கண்ணாடி எனக்கு முன்பே அவன் காலில் விழுந்தது. பெரட்டுப் புத்தகமும் பழையது, புதுத்தாள் ஏது? சயாம் போன பதினோரு பேர் மேல் சிவப்புப் பென்சில் கோடு. விளக்கு மங்கல், சாரல் வேறு. கோட்டைப் பார்க்காமல் படித்துவிட்டேன்.

“அய்யாவு.”

தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. அவசரமாக அடுத்த பெயருக்குத் தாவினேன். “அஞ்சலை.”

எப்போதும் இடது கையைத் தூக்குகிறவள். இன்று வலது கை போயிற்று. காதுக்கு மேலே. பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பார்ப்பதுபோல அவளே அதை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விழுந்துவிட்டது.

பகலில் சுவரில் ஏற்றிப் பார்த்தேன். அதே பழைய கரிக்கோடு.

நவம்பர் 5, வெள்ளி

அய்யாவு பெயரை விட்டுவிட்டுப் படித்தேன். இடது கை.

என் வலது முட்டியில் குத்தல். வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது. மழைக்குளிர் என்றுதான் இத்தனை நாள் தைலம் தேய்த்தேன். இன்று அஞ்சலையின் கையை யோசித்துக்கொண்டே தேய்க்கும்போது உறைத்தது: யுத்தத்துக்கு முன் இந்தியக் கடுதாசி இங்கே வெள்ளிக்கிழமைதான் வரும். தபாலாபீசுக்கு மூன்று மைல் நடை. என் பெண்சாதி கமலம் நாற்பத்தொன்றில் பிள்ளைத்தாய்ச்சி மகளை அழைத்துக்கொண்டு நாகப்பட்டினம் கப்பலேறினாள். மூன்று மாதத்தில் வருகிறேன் என்றாள். பிறந்தது பேரனா பேத்தியா, தெரியாது. கடைசிக் கடுதாசியில் ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைக்கச் சொல்லியிருந்தாள். ஊறுகாயைப் போன வருஷம் தின்றாயிற்று. ஜாடியை மட்டும் வெயில் வந்தால் வைக்கிறேன்.

ஊரார் வலிக்கெல்லாம் ‘மனசைத் தேற்றிக்கொள், சரியாகும்’ என்று சொல்லி அனுப்புகிற பெரிய வைத்தியன் நான். என் முட்டி இன்னும் தபால்காரனைத் தேடிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 6, சனி

வேண்டுமென்றே படித்தேன். அய்யாவு. மூச்சு விடும் நேரம் நிறுத்தினேன். அஞ்சலை. வலது கை.

ஒத்தடம் கொடுக்கும்போது, அந்தப் பெயருக்கு மட்டும் கை எழுவது ஏன் என்று மெல்லக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“ஒம்பது வருசமா அவருக்கு அடுத்த பேரு நானு. அவரு ‘இருக்கேன்’னு சொன்னதும் எங்கை தானா போவும். நீங்க கோடு போட்டப்பறம் எம்முறை வரவே இல்லைங்களே.”

கோடு போட்டவன் நான்தான். ஸ்கேல் வைத்து, நேராக.

இன்று புது வைத்தியம். ஒவ்வொரு தடவையும் நான் அய்யாவு பெயரைக் கூப்பிட வேண்டியது, நிறுத்த வேண்டியது, அவள் பெயர் சொல்ல வேண்டியது, விரல் ஏற வேண்டியது. இருபது தடவை. பழைய கோட்டுக்கு மேல் நாலு விரற்கடை! கங்காணியின் பெண்சாதி ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, டிரஸ்ஸர் மந்திரிக்கக் கிளம்பிவிட்டார் என்று ஐந்து லயத்துக்கும் சொல்லிவிட்டாள். மாலையில் இரண்டு பேர் கோழிக்கு மந்திரிக்க வந்தார்கள்.

நவம்பர் 7, ஞாயிறு

வெயில். ஜாடியை வைத்தேன்.

அஞ்சலை மண்வெட்டி பழகினாள். காலையில் அந்தப் பெயரைக் கேட்டு ஒருமுறை கை எழுந்துவிட்டால் பிறகு கொஞ்ச நேரம் தாங்குகிறது. கேட்காவிட்டால் தொடங்குவதே இல்லை.

கங்காணி வந்து திட்டினார். “நாளைக்கி அந்தப் பேரெ வாயில எடுக்காதீங்க டிரஸ்ஸரே. தல எண்ணுவான். பேரு ஒண்ணு கூட, தல ஒண்ணு கொறச்சல்னா, ஒங்க தலயெடுத்துச் சரிபண்ணிப்புடுவான்லா.”

யோசித்த வழிகள்:
1. பெயரை முணுமுணுப்பது. மழை பெய்தால் அவளுக்கே கேட்காது.
2. அவளே மனசுக்குள் சொல்லிக்கொள்வது. புருஷன் பேரைச் சொல்லச் சொல்வதா என்று என்மேல் கோபம், போய்விட்டாள்.
3. எனக்குக் காய்ச்சல் வருவது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருக்கிறது, துரோகி.

நவம்பர் 8, திங்கள்

சுருக்கமாக.

அதிகாரி, மொழிபெயர்க்க ஒருவன், பின்னால் மேனேஜர். வரிசை வரிசையாகப் படித்தேன். மூன்றாம் லயம் வந்தது. அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தாள். தாண்டிப் போய்விடுவது என்றுதான் தீர்மானம். சத்தியமாக. வாய் படித்துவிட்டது.

“அய்யாவு.”

யார், எங்கே என்று மொழிபெயர்ப்பவன் கேட்டான். சயாமில் உங்கள் ரயில் பாதையில் வேலை செய்கிறான், வேலையில் இருக்கிற ஆளின் பெயரை எப்படி விடுவது என்றேன். தைரியம் அல்ல, வேறு பதில் வரவில்லை. கன்னத்தில் அதிகாரியின் அறை. கண்ணாடி விழுந்தது. அறைந்ததற்கு நான் குனிந்து வணங்கவில்லை என்று இன்னொன்று. விழுந்துவிட்டேன்.

அடுத்த பேர் என்று அதட்டினார்கள். சேற்றில் புத்தகம் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. உட்கார்ந்தபடியே கூப்பிட்டேன்.

“அஞ்சலை.”

“இருக்கேங்க.”

இத்தனை கால்களுக்கு நடுவிலிருந்து பார்த்தேன், மேலே ஒரு கை. வலது கை. அதிகாரி மண்வெட்டியைக் காட்டினார். எடுத்தாள். மூன்று தரம் ஓங்கி வெட்டினாள், மூன்றாவது வெட்டில் சேறு மேனேஜர் சட்டைவரை போனது. பெயர் வெட்டவில்லை. சீட்டு இருக்கிறது.

நவம்பர் 9, செவ்வாய்

மழை. இடது கன்னம் பன்னு மாதிரி. மரவள்ளியை மெல்ல முடியவில்லை. அது ஒன்றுதான் லாபம்.

அதிகாரி போயாயிற்று. பெரட்டில் சிவப்புக் கோடு போட்ட பதினோரு பேரையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் மூச்சு விடும் நேரம். கங்காணி தடுக்கவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பகலில் அஞ்சலை வந்தாள், கங்காணி பெண்சாதியையும் காவலுக்குக் கூட்டிக்கொண்டு. என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, அவளே தவிடு வறுத்து, துணியில் முடிந்து, கன்னத்தில் வைத்துப் பிடித்தாள். வலது கையால். நடுங்காமல். கங்காணி பெண்சாதி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள், எனக்குக் காதில் ஏறவில்லை. கமலம் போனபின் இந்த முகத்தில் சவரக்கத்தியும் ஜப்பான்காரனும் தவிர யாரும் கை வைத்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒத்தடம் ரொம்பச் சூடு என்றேன்.

“அது ஆறி எவ்வளவோ நேரமாச்சுங்களே, டிரஸ்ஸரய்யா.”

இல்லை, சுடுகிறது, இன்னும் கொஞ்சம் பிடி என்றேன். பிடித்துக்கொண்டிருந்தாள்.