ரசமட்டமும் ரேவதியின் மெஷினும்

ஆடி 6, திங்கள்

வெயில். மலைமேல் ஒரே ஒரு மேகம், அதுவும் வழி தவறி வந்தது.

தணிகை முருகன் சாட்சியாக எழுதுகிறேன்: இந்த வாரம் இந்த நோட்டில் வரப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பவேண்டாம். என் சொந்த உபயோகத்துக்கு. எழுதுபவன் தனபால். முப்பது வருஷம் ரயில்வேயில் தண்டவாள மேஸ்திரி, தற்சமயம் ஓய்வு. அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே என் அனுமதியில்லாமல் ஒரு தண்டவாளம் வளைந்ததில்லை.

இன்றைய காரியம்: அக்கா வீட்டு முன்னறை மேஜைக் காலுக்கு ஆப்பு. மேஜை ரேவதியுடையது. ரேவதி, அக்காவின் ஒரே மகள். சென்னையில் லேசர் கம்பெனியில் மூன்று வருஷம் இருந்துவிட்டு தை மாதம் ஊரோடு வந்துவிட்டாள், கூடவே ஒரு மெஷின். பாத்திரத்தில் பெயர் போடும் ஃபைபர் லேசர்.

அக்கா விதித்த கெடு, சமையலறையிலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி:

"ஆடிக் கிருத்திகைக்குள்ள ஒரு பெரிய ஆர்டரு முடிச்சிக் காட்டு. இல்லன்னா வாய மூடிகினு பெங்களூரு வேலைக்குப் போ."

பெங்களூர் வேலைக் கடிதம் சாமி படத்துக்குப் பின்னால். ஆர்டர் கையில்: கனகம்மாசத்திரம் காவடிக் குழு, நூற்றெட்டு எவர்சில்வர் சொம்பு, சொம்புக்கு ஒரு பெயர். வெள்ளி மாலை எடுக்க வருகிறார்கள். சனி கிருத்திகை.

மத்தியானம் அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

"கண்ணாடி இழை மாமா. முடி மொத்தம்தான், சுருட்டி வெச்சிருக்கு. அதுல இட்டெர்பியம்னு ஒரு அருமண் உலோகம் ரவையூண்டு கலந்திருக்கு."

"தங்கத்தைவிட ஒசத்தியா?"

"வேலையில ஒசத்தி. டயோடு வெளிச்சத்த உள்ள உட்டா அந்த அணுவெல்லாம் உசுப்பேறி தயாரா நிக்கும். அப்ப ஒரு சின்ன வெளிச்சம் அந்த வழியா போச்சுன்னு வை, ஒவ்வொண்ணும் தன் பங்க அதே திசையில, அதே தாளத்துல சேத்து அனுப்பும். இந்தக் கோடியில எறும்பு நுழையும், அந்தக் கோடியில யானை வரும்."

புரிந்துவிட்டது. கிருத்திகைக் கூட்டம். பம்பைக்காரன் அடித்து அடித்து ஆயிரம் பேரை உசுப்பி வைத்திருக்கிறான். கீழ்ப்படியில் ஒருத்தன், தொண்டை கட்டினவன், ஒரு 'அரோகரா' போடுகிறான். மேல்படிக்குப் போவதற்குள் மலையே ஆடுகிறது. சொன்னேன்.

"அதேதான் மாமா!"

பல்கலைக்கழகம் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் அங்கேயே டாக்டர் பட்டம்.

இரண்டு குறைகள். ஒன்று, அந்த வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது, உலோகத்தில் பொறி பறப்பது மட்டும் தெரியும். இரண்டு, பளபளப்பான தட்டை வைக்கும்போது அடியில் ஒரு மரத்துண்டு சொருகி வேண்டுமென்றே கோணலாக வைக்கிறாள். "தொடாதீங்க மாமா, அது அப்படித்தான்" என்றாள். ஒரு தண்டவாள மேஸ்திரி முன்னால் கோணல்! ராத்திரிச் சோறு இறங்கவில்லை. (நாலு தோசை.)

ஆடி 7, செவ்வாய்

புழுக்கம். சொம்பு நாற்பது முடிந்தது. ரேவதி அட்டைப்பெட்டி வாங்க அரக்கோணம். அக்கா கோயில்.

பதினொன்றே கால் மணிக்கு மலையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்தது. ஆள் உயரம், வழுக்கை. நேராக முன்னறைக்குள் நுழைந்து, லேசர் படாமல் கண்ணுக்கு ரேவதி போடும் பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டது (பத்திரமான குரங்கு). புளி போட்டு அரை மணி நேரம் தேய்த்து முகம் பார்க்கும்படி மினுக்கிய ஒரு பித்தளைத் தட்டு, அதன் கையில். தட்டை மெஷினுக்கடியில் வைத்தது. மரத்துண்டை எடுத்து எறிந்தது. இடுப்பிலிருந்து ரயில்வே ரசமட்டத்தை உருவி, குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை தட்டைச் சீராக்கியது. முப்பது வருஷ அனுபவமுள்ள குரங்கு.

பிறகு கம்ப்யூட்டரில் 'இருப்புப்பாதைச் சக்கரவர்த்தி தனபால்' என்று அடித்து, காலால் பெடலை அழுத்தியது.

'இருப்புப்பா' வரை தேவலோகம். எழுத்து தட்டின் நடுவுக்கு வந்ததும் பெட்டிக்குள் 'டிக்'. சிவப்பு விளக்கு. நின்றுவிட்டது.

அணைத்துப் போட்டால் பொறி வருகிறது, பீடி நுனி அளவு. சொம்பில் வைத்துப் பார்த்தால் மூச்சு பட்ட மாதிரி ஒரு மங்கல், துடைத்தால் அதுவும் இல்லை.

குரங்கு ஓடிவிட்டது. நான் இங்கேதான் இருக்கிறேன்.

ஆடி 8, புதன்

மூட்டம், மழை இல்லை.

நேற்று சாயங்காலமே ரேவதியிடம் குரங்கு விவரத்தைச் சொல்லியிருந்தேன். ராத்திரி பூரா மெஷினோடு மல்லுக்கட்டினவள், காலையில் தட்டைக் கையில் எடுத்தாள்.

"குரங்கு உங்க பேர எழுதிச்சா?"

"பக்தியுள்ள குரங்கு."

"ரசமட்டத்த இங்கியே வெச்சிட்டுப் போச்சா?"

பார்த்தேன். மேஜைமேல். குமிழி நட்டநடுவில்.

சொல்லிவிட்டேன். எல்லாம். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருக்கலாம்.

"மாமா, கண்ணாடி மாதிரி தட்ட மட்டமா வெச்சா, போன வெளிச்சம் வந்த வழியே திரும்பிடும். அந்த இழைக்கு வர்றது எது போறது எதுன்னு தெரியாது. உள்ள வந்துச்சா, அதையும் பெருக்கித் தள்ளும். அதுக்குத்தான் அந்த மரத்துண்டு."

திரும்புகிற எறும்பும் யானையாகும். என் அரோகரா உதாரணத்தில் இது இல்லை. பட்டம் வாபஸ்.

"இன்னும் அறுபத்தெட்டு சொம்பு" என்றாள், சுவரைப் பார்த்து.

சமையலறையிலிருந்து அக்கா: "இன்னாடி, மெஷினு சத்தத்தையே காணோம்?"

"வோல்டேஜ் கம்மி அக்கா!" இந்தப் பொய்க்கு மட்டும் எனக்கு வெட்கமில்லை.

மத்தியானம் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு இடமாக அளந்தாள். டயோடு நலம். இட்டெர்பியம் இழை நலம். போனது ஐசொலேட்டர் என்கிற ஒரு சின்னக் குழாய். ஒருவழிக் கதவு: வெளிச்சத்தை வெளியே விடும், திரும்பினால் மறிக்கும். உள்ளே கருகல். என் வெளிச்சத்தை மறித்து நின்று, கேட்கீப்பர் மாதிரி, தான் செத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கிறது. எழுந்து நின்று கும்பிட்டேன்.

புதுசு அம்பத்தூரில் கிடைக்கும். ஆனால் இழையோடு இழை ஒட்ட அவர்கள் ஆள் அடுத்த வாரம்தான்.

"முடி மொத்தக் கண்ணாடிய இந்த ஊர்ல எவன் மாமா ஒட்டுவான்?"

எவன்? தினமும் கம்பத்தில் தொங்கிக்கொண்டு அதைத்தான் செய்கிறானே ஒருத்தன்! அரக்கோணம் ரஃபீக். இன்டர்நெட் கேபிள் அறுந்தால் ஒட்டுகிறவன். போன் போட்டேன்.

ஆடி 9, வியாழன்

காற்று. ரேவதி முதல் ரயிலில் அம்பத்தூர் போய்ப் பதினொரு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டாள். கைப்பை மார்போடு, பச்சைக் குழந்தை மாதிரி.

ரஃபீக் ஆரஞ்சுப் பெட்டியோடு வந்தான். பெட்டிக்குள் இழை ஒட்டும் மெஷின், டிபன் பாக்ஸ் அளவு.

"நைனா, நான் தெருவுல ஜாயிண்ட் போடறவன். லேசரெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? எதுனா ஆச்சுன்னா என் மேல பழி போடக்கூடாது."

"பழி ஏற்கெனவே எனக்கு எழுதி வெச்சாச்சு பாய். நீ ஒட்டு."

"வெளி மொத்தம் உங்க கேபிள் மாதிரியேதான் பாய்" என்று ரேவதி தைரியம் சொன்னாள். "தூரத்து லைன்ல வெளிச்சம் களைச்சுப் போவாம இருக்க நடுநடுவுல எர்பியம் கலந்த இழைதான் பெருக்கி அனுப்புது. இதுக்குத் தம்பி முறை."

"அடப்பாவமே. இத்தன வருஷமா சொந்தக்காரனோடதான் வேல செஞ்சிகினு இருந்தேனா?"

மின்விசிறி நிறுத்தம். இழையை உரித்து, துடைத்து, வெட்டி, இரண்டு நுனியையும் எதிரெதிரே வைத்தான். திரையில் இரண்டும் உலக்கை மாதிரி. ஒரு நீலப் பொறி. ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது ஒட்டு, குழாயின் மறுமுனையில்: நடுவில் குமிழி. ரேவதி தலையாட்டினாள். "வேணாம். இவ்ளோ பவர் போனா அங்கியே எரியும்."

வெட்டினான். மறுபடி குமிழி. மறுபடி வெட்டினான். இழை குட்டையாகிக்கொண்டே வந்தது.

"இன்னும் ஒரு தபாதான் நைனா. அதுக்கு மேல வெட்டுனா எட்டாது."

ரேவதியின் விரல் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. ரஃபீக் வாய்க்குள் பிஸ்மி சொன்னான். நான் முருகனைக் கூப்பிட்டேன். மூச்சை முக்கால் மணி நேரம் அடக்கினேன், ரயில்வே வைத்தியரைக் கேட்டுப்பார்க்கலாம்.

நீலப் பொறி.

கோடு இல்லை, குமிழி இல்லை. இரண்டு இழை இருந்த இடத்தில் ஒன்று. ரேவதி ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, "ஆங்" என்றாள். அவ்வளவுதான்.

மெதுவாகப் பவர் ஏற்றி, ஒட்டின இடம் சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. சொம்பு வைத்தாள். பழைய பொறி, பழைய 'கிர்ர்'. ரஃபீக் சாப்பிட உட்கார்ந்தான். கத்தரிக்காய் கொத்சு மூன்று முறை.

ஆடி 10, வெள்ளி

விடிகாலைத் தூறல், பிறகு வெயில். தெருவெல்லாம் மஞ்சள் வேட்டி.

காலை ஆறு மணியிலிருந்து சொம்பு. எனக்குக் கொடுக்கப்பட்ட பதவி: சொம்பை எடுத்துத் தருதல், துடைத்து வாங்குதல். ரசமட்டம் பறிமுதல்.

ஐம்பதாவது சொம்பில் ரேவதியே சிரிக்க ஆரம்பித்தாள். "மாமா, அந்தக் குரங்குக்கு வழுக்கைன்னு வேற சொன்னீங்களே, எதுக்கு?" "உண்மை கொஞ்சம் கலந்தாதான் பொய் நிக்கும்." "ரவையூண்டு இட்டெர்பியம் மாதிரி?" கழுதை.

மூன்றரை மணி: நூற்றெட்டு. நாலரை: கனகம்மாசத்திரம் வேன். தலைவர் ஒரு சொம்பை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நகத்தால சொரண்டினாலும் போகாதாம்மா?" "அரம் போட்டாத்தாங்க போவும்." கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். உள்ளே போனாள். ரேவதி சாமி படத்தைப் பார்த்தாள், நான் ரேவதியைப் பார்த்தேன்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். அக்கா ஒரு கூடையோடு வந்தாள். குழம்புக் கிண்ணம், தூக்கு, இட்லிக் குண்டான், மூடி தொலைந்த அடுக்கு. மெஷின் பக்கத்தில் தொப்பென்று வைத்தாள்.

"எல்லாத்திலியும் என் பேரப் போடு. எதுத்த வூட்டுக்காரி வாங்கினு போனா அவ பாத்திரம்னே சாதிக்கறா."

"இப்பவேவாம்மா?"

"பின்ன? நீ பெங்களூரு பூட்டா இந்த மெஷின யாருடி ஓட்டுவா?"

ஆள் உயரக் குரங்கு, முக்கால் மணி மூச்சு, வளையாத தண்டவாளம், எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் கோடு போட்டு அடித்துவிடலாம். அக்காவின் இந்தக் கேள்வியில் மட்டும் நான் ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை.