மழை பெய்யாத நாள்

மனசாட்சியே இல்லாத என் வீட்டுக்காரருக்கு,

நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு உங்களோடு பேசவே கூடாது. பேசினாலும் சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவீர்கள். அதனால் எழுதித் தலையணைக்கு அடியில் வைக்கிறேன்.

நாம் முதன்முதலில் சந்தித்தது தபால் ஆபீஸ் வாசல் பஸ் ஸ்டாப்பில், நல்ல வெயிலில். நான் வெயிலுக்குக் குடை பிடித்திருந்தேன். நீங்கள் அந்த நிழலுக்குள் நைசாக நுழைந்தீர்கள். அவ்வளவுதான் நடந்தது. கல்யாணமான புதிதில் யாரிடமோ சொல்லும்போது ஒரு தூறலைச் சேர்த்தீர்கள். அடுத்த வருஷம் அது அடைமழையானது. பிள்ளைகள் பிறந்த பிறகு இடி வேறு.

"மழையே இல்லீங்க" என்று விருந்தாளிகள் முன்னால் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். கேட்டுக் கேட்டு என் புத்தியும் கெட்டுவிட்டது. வெயில்தான் என்று தெரியும். ஆனால் கண்ணை மூடினால் உங்கள் நனைந்த சட்டைதான் தெரிகிறது.

நேற்று உங்கள் வார்டில் புது நர்ஸ், "நீங்க ரெண்டு பேரும் எப்படிம்மா சந்திச்சீங்க?" என்று கேட்டாள். என் வாயில் மழைதான் வந்தது. உடனே நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"மழையா? அன்னைக்கு மண்டையப் பொளக்குற வெயில். ஒரு பொண்ணு குடை பிடிச்சிட்டு நின்னா."

முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஒப்புக்கொண்டீர்களே என்று சந்தோஷப்பட விட்டீர்களா? இத்தனை காலம் வாடி போடி என்று கூப்பிட்டவர், என்னை ஏற இறங்கப் பார்த்து, மரியாதையாகக் கேட்டீர்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அங்க இருந்தீங்களா?"

இருந்தேன்.

இப்படிக்கு,
குடை பிடித்து நின்றவள்