பதினாலு பின்னலும் ஒரு நேர்த்தியும்

2025 ஜூன் 8, ஞாயிறு

மகள் றொஷினிக்குத் தலை கழுவும் நாள். ஞாயிறு பூசைக்கு அடுத்தபடி எங்கள் வீட்டில் பெரிய சடங்கு இதுதான். என் மனைவி மிர்லாந்த் குளியலறையில் மகளை இருத்தி, அந்த அடர்ந்த சுருள் முடியை எட்டுப் பங்காகப் பிரித்துக் கிளிப் போட்டு, ஒவ்வொன்றாக நனைத்து, கண்டிஷனர் பூசி, நுனியில் தொடங்கி மேல்நோக்கி விரலாலேயே சிக்கெடுப்பாள். ஹெயிட்டிக்காரிகளுக்கு இது கைவந்த வேலை. இரண்டு மணி நேரம். நான் கதவடியில் வேடிக்கை பார்ப்பேன். ஏழு வருடமாக அதுதான் என் உத்தியோகம்.

இன்று நடுவில் மன்னாரிலிருந்து அக்காவின் அழைப்பு. பிலோமினம்மா, என் மூத்த அக்கா, றொஷினிக்கு மாமி. அவருடைய மகள் சஜிதாவுக்கு ஜூலை 16 கலியாணம். பெண்ணுக்கு முன்னால் பூத் தூவிக்கொண்டு நடக்க றொஷினிதான் வேண்டுமாம். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை, உடனே ஓம் என்றுவிட்டேன். மிர்லாந்துக்கு ஜூலையில் ஆஸ்பத்திரியில் லீவு கிடையாது. மகளோ ஒரே வரியில் முடித்துவிட்டாள். "நான் வரேல்ல. மாமி தலை இழுப்பா."

அவளைக் குறை சொல்ல முடியாது. போனமுறை, 2023இல், நான் கடைக்குப் போன அரை மணி நேரத்தில் அக்கா அன்பு மேலிட்டுக் காய்ந்த முடியில் பேன் சீப்பை விட்டு இழுத்திருக்கிறார். பிள்ளை கத்தியிருக்கிறது. மிச்ச நாட்களில் உவர்த் தண்ணீரும் சேர்ந்து பின்பக்கம் ஒரே கட்டியாகத் திரண்டுவிட்டது. இங்கே மொன்றியலுக்கு வந்ததும் மிர்லாந்த் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதாயிற்று. அக்காவுக்கு இது தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

இந்தமுறையும் பிழைத்தால் என் மகள் என் அக்காவின் வாசலை இனி மிதிக்கமாட்டாள். அது மட்டும் நிச்சயம்.

ஜூன் 9, திங்கள்

மிர்லாந்த் சம்மதம். ஒரு நிபந்தனை: முடிக்கு நான் பொறுப்பு. முழுப் பொறுப்பு.

ஜூன் 15, ஞாயிறு

பயிற்சி தொடங்கியது. பதினாறு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பனிக்காலத்தில் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் ஒழுங்கைகளுக்குள் பின்பக்கமாக விடத் தெரியும். ஒரு வகிடு நேராக எடுக்கத் தெரியவில்லை. முதல் பின்னலுக்கு இருபது நிமிடம். முடிந்ததும் அது தானாகவே அவிழ்ந்தது.

"பப்பா, நீங்கள் பஸ் மட்டும் ஓட்டுங்கோ" என்றாள் றொஷினி.

மிர்லாந்த் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். வெயிலில் இந்த முடி ஈரத்தைச் சட்டென்று விட்டுவிடுமாம். மிச்சத்தை உப்புக் காற்று உறிஞ்சுமாம். அதனால் பின்னியே வைத்திருக்க வேண்டும். தினமும் தலைக்கு வார்க்கக் கூடாது. காலையில் தண்ணீர் தெளித்தால் போதும், படுக்கும்போது சாட்டின் தொப்பி. கடலில் குளித்தால் உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நான் தலையாட்டினேன். இப்படித்தான் கலியாணத்துக்கு முந்திய வகுப்பில் சுவாமியாருக்கும் தலையாட்டினேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஒரு பின்னல் ஏழு நிமிடம். வகிடு இன்னும் கோணல்தான். ஆனால் அவிழவில்லை!

ஜூலை 4, வெள்ளி

மிர்லாந்த் காலையிலிருந்து குந்தியிருந்து பதினாலு பின்னல் போட்டுவிட்டாள். என் உடுப்பு கால்வாசிப் பெட்டி. மகளின் தலைச் சாமான் அரைவாசி. பத்தாம் நாள் அவிழ்த்து, கழுவி, திரும்பப் பின்ன வேண்டும் என்று மூன்று தரம் சொல்லி, ஒரு தாளிலும் எழுதித் தந்தாள். அதுதான் என் சோதனை. நாளைக்கு விமானம்.

ஜூலை 7, திங்கள், மன்னார்

வந்து சேர்ந்தோம். சோழகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். றொஷினி என் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். அக்காவின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். பார்க்காததுபோல் பெட்டியைத் தூக்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

நான் செய்த காரியத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

காலை ஏழு மணிக்கே அக்கா கிணற்றடியில் தயார். வாளி, எண்ணெய்ப் போத்தல், பேன் சீப்பு.

"வா மோனை, பின்னலை அவிட்டுத் தலைக்கு வாத்துவிடுறன். இந்த வெக்கைக்கு முழுகாட்டி மணக்கும்."

றொஷினியின் நகம் என் கையில் இறங்கியது. விளக்கமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அவிழ்க்கேலாது அக்கா. அது நேர்த்திக்கடன்."

"ஆருக்கு?"

"மொன்றியல் சூசையப்பருக்கு. திரும்பிப் போய்த்தான் அவிழ்க்கிறது."

அக்கா சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். வாளி உள்ளே போய்விட்டது. நாற்பத்தைந்து வயதில், பட்டப்பகலில், ஒரு புனிதரைச் சாட்சிக்கு இழுத்துவிட்டேன். ஆனால் வேலை செய்தது.

ஜூலை 11, வெள்ளி

பொய் குட்டி போடுகிறது. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அயல் வீட்டுப் பெண்கள் வந்து, பின்னலைத் தொடாமல், தொட்டதுபோல் கையை முத்தமிட்டுப் போகிறார்கள். என்ன வருத்தத்துக்கு நேர்ந்தது என்று அக்கா கேட்டார். பிறந்தபோது மூச்சுத் திணறல் என்று சொல்லிவைத்தேன். பிள்ளை பிறந்தபோது போட்ட சத்தத்தில் தாதி காதைப் பொத்தியது எனக்கல்லவா தெரியும்!

ஜூலை 16, புதன்

கலியாணம் நன்றாக நடந்தது. அலங்காரம் செய்ய வந்த பெண், றொஷினியைக் கண்டதும் முடியை நேராக்கும் சூட்டுக் கருவியைக் கையில் எடுத்தாள். நான் எழும்புவதற்குள் அக்கா குறுக்கே நின்றார். "நேர்த்திப் பிள்ளை. கை வைக்காதையும்."

பிறகு அக்காவே பின்னல்களுக்கிடையில் மல்லிகை செருகிவிட்டார், ஒரு மயிரும் அசையாமல். கோவில் நடுவால் என் மகள் நடந்து வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. மிர்லாந்துக்குப் படம் அனுப்பினேன். அழகு என்று பதில் வந்தது. அடுத்த வரி: "பத்தாம் நாள் கழுவினாயா?"

கழுவவில்லை. எப்படிக் கழுவுவது? நேர்த்தியல்லவா!

ஜூலை 18, வெள்ளி

றொஷினி தலையைச் சொறிந்தபடியே இருக்கிறாள். பின்னலின் அடியெல்லாம் மணலும் வியர்வையும். நேற்றுக் கடலுக்கு வேறு போனோம். எழுதித் தந்த தாளைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அத்தான் அருமைநாதன் இன்று சும்மா கதைக்கும்போது சொன்னார். "உங்கட அக்கா கலியாணத்தண்டும் மத்தியானம் சாப்பிடேல்ல தம்பி. பிள்ளைக்காக ஒன்பது நாள் ஒருசந்தி பிடிக்கிறா, ஒரு நேரச் சாப்பாடுதான்." என் பொய்க்கு அக்கா பட்டினி. சொந்த மகளின் கலியாணத்தில்!

அது போதாதென்று, சாயந்தரம் றொஷினி வந்து பக்கத்தில் இருந்தாள்.

"பப்பா, எனக்கு என்ன வருத்தம்?"

"ஒண்டுமில்லையே."

"அப்ப மாமி ஏன் என்னைப் பாத்து அழுறா? நான் சாகப்போறனா?"

கடவுளே. என்ர வாயை என்ன செய்யிறது? ஒரு சீப்புக்குப் பயந்து என்ர பிள்ளையையே நோயாளி ஆக்கிப்போட்டன். மடியில் வைத்துக்கொண்டு, பப்பா பொய் சொன்னேன் என்று சொன்னேன். "பாவம் மாமி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும்.

ஜூலை 19, சனி

காலையில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேன் சீப்பு, அறுந்த முடி, கத்தரிக்கோல், நேர்த்தி. அக்கா உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து குந்தினார்.

"எனக்குப் பயந்தே பொய் சொன்னனீ?"

"ஓம்."

"சூசையப்பற்ர பேரில?"

"ஓம் அக்கா."

"போனமுறை முடி அறுந்தது எண்டு ஏன்ரா சொல்லேல்ல? பிள்ளை என்னைக் கண்டா ஒளிக்குது. என்ன பிழை விட்டன், என்ன பிழை விட்டன் எண்டு ரெண்டு வருசமா யோசிச்சுக் களைச்சுப்போனன்."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா எழுந்து கையைத் துடைத்தார்.

"சரி, எப்பிடிக் கழுவிறது? காட்டு."

குடிக்க எடுத்து வைத்திருந்த நல்ல தண்ணீரில் மூன்று வாளி. முதலில் நான் ஒரு பின்னலை அவிழ்த்து, நனைத்து, நுனியிலிருந்து சிக்கெடுத்துக் காட்டினேன். அக்கா பார்த்தார். பிறகு என்னைத் தள்ளிவிட்டுத் தான் இருந்தார். முப்பது வருடம் அத்தானின் வலையில் சிக்கெடுத்த விரல்கள் அவை. ஒரு இடத்திலும் இழுக்கவில்லை. றொஷினி முதலில் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். மூன்றாவது பின்னலில் கண் திறந்தது. ஆறாவதில் மாமியின் முழங்காலில் சாய்ந்து, மொன்றியலில் தன் வகுப்பில் யார் யாருக்குச் சண்டை என்று பாதித் தமிழில் கதை சொல்லத் தொடங்கிவிட்டாள். அக்காவுக்கு ஒன்றும் விளங்கியிராது. "பிறகு?" "பிறகு?" என்று கேட்டுக்கொண்டே பின்னினார்.

எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "ஒருசந்தியில இன்னும் மூண்டு நாள் கிடக்கு. அதை நீ பிடி. நாளைக்குப் பூசைக்கு முந்திச் சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனம்."

ஜூலை 20, ஞாயிறு

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமியார் சிரிப்பை அடக்கியது திரைக்கு இந்தப் பக்கமே கேட்டது. வீட்டில் நண்டுக் கறி. எனக்கு இல்லை.

ஜூலை 28, திங்கள், மொன்றியல்

நேற்று வந்து சேர்ந்தோம். இங்கே முப்பத்துநாலு பாகை. மூன்றாம் மாடிக்குப் பெட்டி தூக்கியதில் மன்னாரே குளிர்ச்சி என்று தோன்றியது.

மிர்லாந்த் மகளை ஜன்னல் வெளிச்சத்தில் இருத்தி, பின்னல் பின்னலாகச் சோதித்தாள். நான் பரீட்சை மறுமொழிக்கு நிற்கிறவன் மாதிரி நின்றேன். முடி மெத்தென்று இருந்தது, நுனி அறுந்திருக்கவில்லை. பின்பக்க வகிட்டில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது உன் கை இல்லை என்றாள்.

முழுக்கதையையும் சொன்னேன். நேர்த்தி என்றதும் சிரித்துச் சிரித்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். ஒருசந்தி என்றதும் சிரிப்பு நின்றது. அக்காவுக்குப் போன் எடுக்கச் சொன்னாள். திரையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மொழி இல்லையே. கடைசியில் அக்கா, "மெர்சி மோனை" என்றார். அந்தப் பிரெஞ்சு நன்றியை எங்கே பொறுக்கினாரோ!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தலை கழுவினோம். இப்போது என் பங்கு நாலு பின்னல். அக்காவும் இருந்தார், போனில், சவர்க்காரத் தட்டில் சாய்ந்தபடி. "வகிடு கோணுது தம்பி, கோணுது" என்று மன்னாரிலிருந்தே அதிகாரம்.

றொஷினி திடீரென்று போனைப் பார்த்துச் சொன்னாள். "மாமி, அடுத்த வருசம் நான் வாறன். பப்பா தேவையில்லை. நான் தனிய."

என்ன சொன்னாள் என்று மிர்லாந்த் கேட்டாள். பிரெஞ்சில் சொன்னேன். மிர்லாந்த் கையில் கண்டிஷனரோடு கொஞ்சம் யோசித்தாள். கொண்டுபோய் விட்டுவிட்டு வா, இரண்டு கிழமை என்றால் இருக்கட்டும் என்றாள்.

அதை அக்காவுக்குச் சொல்ல வாயெடுத்தேன். றொஷினி முந்திக்கொண்டாள்.

"அம்மா ஓம் எண்டுட்டா மாமி. ஒரு மாசம்."

நான் திருத்தவில்லை.