தொட்டிக்கும் கதவுக்கும் நடுவில்

786

ஜுபைல்,
10.1.1986

அன்பு மனைவி சைனபுக்கு ஜெயினுலாப்தீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் இங்கே சுகமாகத்தான் இருக்கிறேன். ஆறாம் மாதம் தொடங்கிவிட்டது என்று நீ எழுதிய கடிதம் முந்தாநாள் கிடைத்தது. சந்தோஷமாகப் பிரித்தேன். கடைசியில் நீ எழுதியிருந்த இரண்டு வரி என்னைப் படுக்கவிடவில்லை. "மறுபடி அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுக்கு என்னை அனுப்பாதீங்க, நான் வீட்டிலேயே பெத்துக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நம் மகன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நீ அந்த வராண்டாவில் ஒரு பகல் முழுக்கப் பாயில் கிடந்ததையும், என்னை ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்ததையும் நான் மறந்தவன் இல்லை. வீட்டிலேயே என்றால் வீட்டிலேயே. ஆனால் நான் சொல்கிறபடி.

சிரிக்காதே. சென்ற மாதம் எங்கள் காம்பவுண்டில் ஒரு டென்மார்க் எஞ்சினியரின் மனைவிக்குப் பிரசவம். ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பெற்றுக்கொள்கிறேன் என்றுவிட்டாள் அந்த அம்மா. தொட்டிக்குக் குழாய் போட்டது யார்? உன் புருஷன்தான். வெந்நீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று, வடிக்க ஒன்று. வேலை முடிந்ததும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் நின்றுவிட்டால் கூப்பிடுவார்கள் என்று ஸ்பேனரும் கையுமாகக் கதவுக்கு வெளியே நாலு மணி நேரம் நின்றேன். ஒரு அலறல் இல்லை சைனப். பிறகு பிள்ளையின் அழுகை மட்டும் கேட்டது. தண்ணீர் வலியைப் பாதி வாங்கிக்கொள்ளுமாம்.

இதை ஹபீபா நர்ஸம்மாவிடம் கேட்டுப் பார். ஏப்ரல் கடைசிதானே தேதி? அதற்குள் லீவு வாங்கி வந்துவிடுவேன். இந்த முறை என்னை யாரும் வெளியே நிறுத்த முடியாது.

உன்
ஜெயினுலாப்தீன்


786

தாராவி, பம்பாய்,
2.2.1986

அன்புள்ள மச்சானுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உள்ளே இருப்பதும் ஒரு உதை கொடுத்தது. ஊரெல்லாம் புருஷன் சவூதியிலிருந்து டேப் ரெக்கார்டர் அனுப்புகிறான், சென்ட் அனுப்புகிறான். எனக்கு வந்திருப்பது தொட்டி!

ஹபீபா நர்ஸம்மாவிடம் சொன்னேன். இருபத்தைந்து வருஷம் பிரசவ வார்டில் இருந்தவர், "அடியேய், நீ என்ன எருமையா, தண்ணிக்குள்ள கெடந்து ஈன?" என்றார். அப்புறம் நாலு நாள் கழித்து அவரே வந்தார். வலி எடுக்கும்போது வெந்நீர் ஊற்றினால் பெண்களுக்கு இதமாக இருப்பதைத் தானும் பார்த்திருப்பதாகச் சொன்னார். "வலி தாங்கத் தண்ணியில இரு. நான் எந்திரின்னா கேள்வி கேக்காம எந்திரிக்கணும், சரியா?" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

தண்ணீருக்கு என்ன செய்வது? சந்துக் குழாயில் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் வருகிறது. ஆளுக்கு நாலு டின் என்று கணக்கு. ஐந்தாவது டின்னுக்கு அடிதடி. நீங்கள் அங்கே குழாயைத் திறந்தால் கொட்டுகிறது, அந்த ஞாபகத்தில் எழுதிவிட்டீர்கள்.

ஆனாலும் மச்சான், படித்ததிலிருந்து ஆசையாக இருக்கிறது. அளவு எழுதுங்கள். உங்கள் அண்ணன் கரீம் காக்காவும் உதவியாகத்தான் இருக்கிறார். நீங்கள் வருவது மட்டும் நிச்சயமாக இருக்கட்டும். லீவு கேட்டுவிட்டீர்களா, இல்லை கேட்கப் போகிறீர்களா? இதற்கு மழுப்பாமல் பதில் வேண்டும்.

உங்கள்
சைனப்


786

ஜுபைல்,
18.2.1986

அன்பு சைனபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஃபோர்மேன் பார்க்கலாம் என்றிருக்கிறார். அவர் பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் நடக்கும்.

இப்போது தொட்டி. ரோட்டோரம் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற பிரம்மநாயகம் அண்ணாச்சியிடம் போ. நாலரை அடி நீளம், நாலடி அகலம், இரண்டடி உயரம். இதற்குக் குறைந்தால் நீ முட்டி போட முடியாது. நாலு பக்கமும் மரச்சட்டம், குறுக்கே பட்டை, இல்லாவிட்டால் தண்ணீரின் கனத்தில் பிதுங்கிவிடும். தார்ப்பாய்க்கு உள்ளே புது பிளாஸ்டிக் விரிப்பு. ஒன்றரை அடித் தண்ணீர் போதும், நாற்பத்தைந்து டின் பிடிக்கும். முழங்கையை விட்டுப் பார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடுதான், அதற்கு மேல் வேண்டாம்.

நம் அறை பன்னிரண்டுக்குப் பத்து. தொட்டி பின்சுவரோரம் இருக்கட்டும். தொட்டிக்கும் கதவுக்கும் நடுவில் நாலடி காலியாக விடு. நர்ஸம்மா உட்கார, ஆள் வந்து போக அது வேண்டும். இதை மறக்காதே. நான் கண்ணை மூடினால் நம் அறை அப்படியே தெரிகிறது. எங்கே ஆணி அடித்திருக்கிறேன் என்றுகூடச் சொல்வேன்.

தண்ணீரை நினைத்துக் கவலைப்படாதே. நம் சந்து சண்டை போடும், பிள்ளை பெறுகிறவளுக்கு இல்லை என்று சொல்லாது.

உன்
ஜெயினுலாப்தீன்


786

தாராவி, பம்பாய்,
12.3.1986

அன்புள்ள மச்சானுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

தொட்டி வந்துவிட்டது! பிரம்மநாயகம் அண்ணாச்சி முதலில் எந்த லாரிக்கு என்று கேட்டார். கரீம் காக்கா விஷயத்தைச் சொன்னதும் மனிதர் வெட்கப்பட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டாராம். பிறகு தையல் ஒவ்வொன்றையும் இரட்டையாகப் போட்டு, மூலைக்கு மூலை மெழுகு தேய்த்து, தானே தலையில் தூக்கி வந்து வைத்தார். "பிள்ள உக்காருத எடம்லா, சொட்டக் கூடாது" என்றார். கூலியைக் கடைசிவரை வாங்கவில்லை.

நேற்று நிரப்பிப் பார்த்தோம். நீங்கள் சொன்னது சரி மச்சான். வீட்டுக்கு ஒரு டின், நாற்பத்தைந்து வீடு. என்னோடு ஒரு வருஷமாகப் பேசாத எதிர்வீட்டுக்காரி இரண்டு டின் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, அப்போதும் பேசாமல் போனாள். ஜமாத்திலிருந்து பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சா இரண்டை வாங்கி வந்து சந்திலேயே அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தார்கள். பிள்ளைகள் எல்லாம் தட்டோடு வந்து நின்றுவிட்டன.

நர்ஸம்மா என்னை உள்ளே இறக்கினார். மச்சான், ஏழு மாதமாக இடுப்பில் இருந்த கனம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிள்ளை மெதுவாகப் புரண்டு படுத்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நான் பயப்படாமல் இருந்தேன். அழுதேன், தண்ணீருக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நீங்கள் எழுதியபடியே எல்லாம் வைத்திருக்கிறோம். கொஞ்சம் இட நெருக்கம்தான், பரவாயில்லை. லீவு என்ன ஆயிற்று? போன கடிதத்தில் ஃபோர்மேனைப் பற்றி எழுதினீர்கள், தேதியைப் பற்றி எழுதவில்லை.

உங்கள்
சைனப்


786

ஜுபைல்,
2.4.1986

அன்பு சைனபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பேசாமல் தண்ணீர் ஊற்றிய எதிர்வீட்டுக்காரிக்கு எங்கள் அறையே ஸலாம் சொல்கிறது.

இனி சொல்வதைக் கோபப்படாமல் படி. லீவு கிடைக்கவில்லை. என் இடத்துக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. பாஸ்போர்ட் கம்பெனி கையில். ஃபோர்மேன் காலில் விழாத குறைதான். மே பதினைந்துக்கு மேல் பார்க்கலாம் என்கிறார். மறுபடி நான் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறேன்.

இன்னொன்று. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நீ பயந்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன். அந்த டென்மார்க் அம்மாவுக்குப் பிரசவம் நடந்தபோது உள்ளே ஒரு டாக்டர் இருந்தார். வாசலில் கம்பெனி ஆம்புலன்ஸ், நாலு மணி நேரமும் எஞ்சினை அணைக்கவில்லை. நான் அதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நான் வந்துவிடுவேன், வந்ததும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இப்போது வர முடியாது என்றானதும் அது மட்டும்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

டாக்சி ஓட்டுகிற நம்பிராஜனிடம் சொல். இந்த மாதம் பதினைந்தாம் தேதியிலிருந்து வண்டியை சந்து முனையிலேயே நிறுத்தட்டும். அவன் நஷ்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நர்ஸம்மா ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பிவிட வேண்டும். நாலடி காலியாக இருக்கிறதல்லவா? அதில் எதையும் வைக்காதே.

உன்
ஜெயினுலாப்தீன்


786

தாராவி, பம்பாய்,
26.4.1986

மச்சானுக்கு,

கரீம் காக்கா தந்தி அடிக்கப் போனார், நான்தான் தடுத்தேன். நாலு வார்த்தையில் உங்களுக்கு இது வர வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு எழுத உட்கார்ந்தால் பதினைந்து நாள் ஓடிவிட்டது.

நமக்கு மகள் பிறந்தாள். ஏப்ரல் பதினொன்று, வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் அஸர் தொழுகை வரை இருந்தாள்.

காலையில் குழாய் வந்த நேரத்திலேயே வலி வந்தது. எல்லோரும் நல்ல சகுனம் என்றார்கள். ஒரு மணி நேரத்தில் தொட்டி நிரம்பிவிட்டது. பதினோரு மணி வரை நான் நன்றாகத்தான் இருந்தேன், சிரித்துக்கூடப் பேசினேன். நர்ஸம்மா அடிக்கடி என்னை நிமிர்த்தி வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை வைத்தவர் எடுக்கவே இல்லை. "பிள்ள துடிப்பு கொறையுது. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போணும்" என்றார். சத்தியம் செய்தபடி கேள்வி கேட்காமல் எழுந்தேன். எழுந்ததும் கால் மடங்கிவிட்டது.

நான் உங்களிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன். நீங்கள் கண்ணை மூடினால் தெரிகிற அறை இப்போது இல்லை. நீங்கள் விமானம் ஏறிய இரண்டாம் மாதமே கரீம் காக்கா நடுவில் பலகை அடித்து, அந்தப் பக்கம் தோல்பை தைக்கிற மெஷின் மூன்றைப் போட்டுவிட்டார். எனக்கு மிஞ்சியது ஏழடிக்குப் பத்தடி. அதில்தான் அடுப்பும் டிரங்குப் பெட்டியும் பரணுக்கு ஏறுகிற ஏணியும். பின்சுவர் பக்கம் இடமே இல்லை, தொட்டியைக் கதவோரம்தான் போட முடிந்தது. கதவு உள்பக்கம் திறப்பது. ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. உங்களுக்குத் தெரிந்தால் அண்ணன் தம்பிக்குள் சண்டையாகும், நீங்கள் அங்கே கிடந்து கொதிப்பீர்கள் என்று எழுதவில்லை. நாலடியும் விட்டாயிற்று என்பதுபோல எழுதினேன்.

அந்த இடைவெளியில் என்னைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. தொட்டியை நகர்த்தவும் முடியவில்லை. கரீம் காக்கா தோல் வெட்டுகிற கத்தியால் தார்ப்பாயைக் கிழித்தார். இரட்டைத் தையல், சீக்கிரம் கிழியவில்லை. தண்ணீர் முழுவதும் சந்தில் ஓடியது. சட்டத்தை உடைத்துக் கதவைக் கழற்றினார்கள். நம்பிராஜன் அன்று ஐரோலிக்குச் சவாரி போயிருந்தான். ரோடு வரைக்கும் பக்கத்து வீட்டுக் கட்டிலில் வைத்து என்னைத் தூக்கிப் போய் வேறு டாக்சி பிடித்தார்கள். டாக்சியிலேயே பிறந்தாள். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நர்ஸம்மா வாயோடு வாய் வைத்து ஊதினார், ஒரு தடவை முனகினாள். கரீம் காக்கா முன்சீட்டிலிருந்து திரும்பிக் குனிந்து அவள் காதில் பாங்கு சொன்னார். நீங்கள் சொல்ல வேண்டியது. அதனால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், என்னாலும் முடியவில்லை. இப்போது பலகையைப் பிரித்துவிட்டார், மெஷின்களை வெளியே எடுத்துவிட்டார். அந்த இடத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் நல்லவள், என் கையைப் பிடித்துக்கொண்டே, "ஆதா கண்டா பஹ்லே லாத்தே தோ..." என்று தொடங்கி முடிக்காமல் நிறுத்திவிட்டாள். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று சொல்ல வந்தாள். எனக்கு அந்த அரை மணி நேரம் எங்கே போனது என்று தெரியும்.

மர்யம் என்று பெயர் வைத்து அடக்கினோம். உங்கள் நெற்றி அவளுக்கு. பால் கட்டிக்கொண்டு ஐந்து நாள் காய்ச்சல் அடித்தது. எதிர்வீட்டுக்காரி வந்து மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிட்டாள், இப்போது பேசுகிறாள்.

உங்கள் இரண்டாம் தேதிக் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. ஆம்புலன்ஸ் எஞ்சினை அணைக்காமல் நின்றது என்ற இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அது எனக்கு ஜனவரியில் தெரிந்திருந்தால் தொட்டியே வேண்டாம் என்றிருப்பேன். பலகை உங்களுக்குத் தெரிந்திருந்தால் நீங்களே வேண்டாம் என்றிருப்பீர்கள். நான் பயப்படக் கூடாது என்று நீங்கள் மறைத்தீர்கள், நீங்கள் கோபப்படக் கூடாது என்று நான் மறைத்தேன். உங்கள் மேல் கோபப்பட முயற்சி செய்தேன். பாதியில் என் மேலேயே வந்து நிற்கிறது.

நாளைக்கு சீத்தா கேம்ப்பில் என் அக்கா ஹமீதா வீட்டுக்குப் போகிறேன். இனிமேல் உங்களிடமிருந்து எது வந்தாலும் எழுதாமல் விட்டது என்ன என்றுதான் தேடுவேன். என்னுடையதை நீங்களும் அப்படித்தான் படிப்பீர்கள். அதனால் எனக்கு எழுத வேண்டாம், ஆறுதல்கூட வேண்டாம். வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் அதையும் எழுத வேண்டாம்.

சைனப்