கெடு முடிந்த பிறகும் மூன்று வேலைகள்

மச்சான்,

நீ ஸ்பைரல் போட்டு வைத்திருந்த அந்த அச்சுத்தாள் கட்டு என் மேசையில் கிடக்கிறது. ஒரு வாரமாக அதைத் தொடவில்லை. இன்று காலை ஃபேன் காற்றில் அட்டை தானாகப் புரண்டது. ஜெராக்ஸ் மை, உப்புக்காற்று, நீ பஸ்ஸில் தின்ற மசாலாக் கடலை, மூன்றும் சேர்ந்த ஒரு வாசனை. எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன். அப்படியும் போகவில்லை.

உன் வருஷ திதிக்குப் பிச்சாவரம் வந்திருந்தேன். கிளம்பும்போது உன் அம்மா இதைக் கொண்டுவந்து, "எல்லாம் இங்கிலீசா இருக்கு. உன்னுதான்னு பாருப்பா" என்றார்கள். அது உன்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

உருகி எழுத எனக்கு வராது, உனக்கே தெரியும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். எழுதினால்தான் எனக்கு விளங்குகிறது.

படிப்பு முடிந்ததும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஃபைல் சர்வர் எழுதினோம். ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்தும் பொது அலமாரி, அவ்வளவுதான். கடலூர் செம்மண்டலத்தில் என் அறையில் உட்கார்ந்து நான் புரோகிராம் எழுதுவேன். சிதம்பரத்தில் கடை கடையாகப் போய் நீ பொருத்துவாய். முதலில் வாங்கியது கல்யாண ஆல்பம் செய்யும் ஒரு ஸ்டுடியோ.

ஒரு கம்ப்யூட்டர் பெயரும் பாஸ்வேர்டும் காட்டி சர்வருக்குள் வந்தால் அந்த வருகைக்கு செஷன் என்று பெயர். அதற்கு ஒரு கெடு உண்டு. நம்முடையதில் எட்டு மணி நேரம் வைத்திருந்தோம். கெடு முடிந்த செஷனை என்ன செய்வது என்று நான் யோசிக்கவேயில்லை. அழித்துவிட்டேன். அது திறந்து வைத்திருந்த ஃபைல்களும் அதோடு போகும். மூன்றே வரி. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைக்கும் செல்வி அக்கா காலை ஒன்பதரைக்கு உள்ளே வருவார். சாயங்காலம் ஐந்தரைக்கு அவருடைய ஃபைல் செத்துப்போகும். தினமும். முதல் நாள் மதியம் முழுக்கச் செய்த பக்கங்கள் போயின. மறுநாள் பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருக்க, அக்கா அழுதுகொண்டே திரும்பச் செய்தாராம். அவர் கூப்பிட்டது உன்னைத்தான். "அந்தத் தம்பிக்கு போன் பண்ணா நம்மளயே திட்டுறாரு" என்று சொன்னதாக நீ எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னாய்.

அதற்குப் பிறகுதான் நீ அந்தப் பைத்தியக்கார வேலையைச் செய்தாய். சர்வர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ஸ்பெக் முழுவதையும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தாய். இந்த உலகத்தில் அதை யாரும் தாளில் படிப்பதில்லை. தேவையான வரியைத் தேடி எடுத்து வேலையை முடிப்பார்கள், நானும் அப்படித்தான். எந்தக் கேசுக்காக வக்கீல் இவ்வளவு தாளைக் கேட்டார் என்று கடைக்காரர் விசாரித்தாராம். பஸ்ஸில் போனைப் பார்த்தால் உனக்குக் குமட்டும். அதனால் கடலூருக்கு வரும்போதெல்லாம் ஜன்னலோரத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு அதைத்தான் படித்தாய். செம்மண்டலத்தில் இறங்கியதும் முதல் கேள்வி, "படிச்சியா?" நான் படித்திருக்க மாட்டேன்.

எனக்குப் பொறுமை இல்லை. கெடுவை எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு வாரமாக மாற்றிவிட்டேன். ஐந்தரைச் சிக்கல் தீர்ந்தது. அக்கா சந்தோஷம், முதலாளி சந்தோஷம். நீ மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். நீ பயந்ததுதான் நடந்தது. ஸ்டுடியோவை விட்டு நின்ற ஒருத்தன் பக்கத்துக் கடையில் சேர்ந்தான். அதே வைஃபை அங்கேயும் எட்டும். அவன் லேப்டாப்பில் ஸ்டுடியோவின் ஆல்பங்கள் நாலு நாளாகத் திறந்தபடியே இருந்தன. கெடு ஒரு வாரமாயிற்றே.

முதலாளி நம் இருவரையும் வரச்சொல்லி வாங்கு வாங்கென்று வாங்கினார். வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். நீ கட்டைப் பிரித்து ஒரு பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"கெடு முடிஞ்சா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல மச்சான். புதுசா எதுவும் செய்ய முடியாது, சரி. ஆனா தொறந்த ஃபைலை மூடலாம், மத்தவங்க கை வைக்காம அதுல போட்ட பூட்டை எடுக்கலாம், சொல்லிட்டுக் கெளம்பலாம். இந்த மூணையும் சர்வர் தடுக்கக் கூடாது. மறுபடி பேரைச் சொன்னா, உட்ட எடத்துலேர்ந்து தொடரலாம். நீ கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளுற."

திட்டு வாங்கிய எரிச்சல் எனக்கு. "அந்தத் தாளை வச்சிப் பூஜை பண்ணு. நான் தனியா பாத்துக்கறேன், நீ வராத" என்றேன். நீ நீட்டிய டீயை வாங்காமலே கடலூர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இரண்டு கையிலும் இரண்டு கிளாஸோடு நின்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் உன்னை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

பதினோரு நாள். நீ அந்தப் பக்கத்தில் ஓரத்தை விட்டு, அச்சடித்த பத்தியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினாய். நான் திறக்கவில்லை. "படிச்சியா?" என்று நடுவில் இரண்டு தடவை. அதையும் திறக்கவில்லை. அந்த நாட்களில் உனக்குக் காய்ச்சல் ஜாஸ்தியாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நீயும் அதைப் பற்றி எழுதவில்லை. பதினோராம் நாள் காலை உன் நம்பரிலிருந்து போன். உன் பெயர் தெரிந்ததும் அடிக்கட்டும் என்று விட்டேன். திரும்ப அடித்தது, விட்டேன். மூன்றாவது தடவை எடுத்து, "என்னா இப்ப?" என்றேன். பேசியது உன் மாமா. "தம்பி, அவன் போயிட்டான்பா" என்றார்.

காரியம் முடிந்து வந்து அந்தப் போட்டோவைத் திறந்தேன். நீ சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகில்லை. செஷனை அழிக்கும் என் மூன்று வரியைத் தூக்கிவிட்டு, 'கெடு முடிந்தது' என்று ஒரு நிலையைச் சேர்த்தேன். அந்த நிலையில் வேறு எது கேட்டாலும் கெடு முடிந்தது என்று சர்வர் பதில் சொல்லும். ஆனால் மூடுவது, பூட்டை எடுப்பது, விடைபெறுவது, மூன்றையும் அனுமதிக்கும். கம்ப்யூட்டர் மறுபடி தன்னை யாரென்று காட்டினால் அதே ஃபைல், அதே இடம். வேலையை விட்டு நின்றவன் காட்ட முடியாது, அவன் பெயர் சர்வரிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். கெடுவைத் திரும்ப எட்டு மணி நேரம் ஆக்கினேன். எல்லாம் சேர்த்து இரண்டு நாள் வேலை. இரண்டு நாள்தான் மச்சான்.

ஸ்டுடியோவுக்கு நானே போய்ப் பொருத்தினேன். ஐந்தரைக்கு செல்வி அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ஐந்து முப்பத்தொன்று ஆனது. அவர் ஒரு மாலையின் நிறத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஏதாவது ஆச்சா என்று கேட்டேன். "ஒண்ணும் ஆவலியே, ஏன்?" என்று திரும்பினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

இன்று காலை ஃபேனை நிறுத்திய பிறகு கட்டைப் பிரித்தேன். எல்லாப் பக்கத்திலும் உன் பென்சில். கெடு முடிந்த செஷனைப் பற்றிய பத்திக்குப் பக்கத்தில் 'செல்வி அக்கா, 5.30' என்று எழுதியிருக்கிறாய். யாரோ எங்கோ எழுதிய விதிக்குப் பக்கத்தில் ஆள் பெயர். நான் ஒரு நாளும் அப்படிப் படித்ததில்லை. அதற்குக் கீழே, பஸ் குலுக்கலில் கோணிய எழுத்தில் இன்னொரு வரி: 'கோவப்படுவான். டீ வாங்கிக் குடுத்துட்டு சொல்லணும்.'

அந்த இரண்டு கிளாஸும் அதற்குத்தான் என்று ஒரு வருஷம் கழித்துத் தெரிகிறது.

இப்போதும் அவசரக்காரன்தான், மாறிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யார் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் முதல் மணியிலேயே போனை எடுத்துவிடுகிறேன். பேசப் பிடிக்காவிட்டாலும், வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைக்கிறேன். புதிதாக எதையாவது எழுதுவதற்கு முன்னால் அதன் ஸ்பெக்கை அச்செடுக்கிறேன். அதே ஜெராக்ஸ் கடைதான். கேஸ் இன்னும் முடியவில்லையா என்கிறார் கடைக்காரர். இல்லை என்கிறேன்.

உன் பென்சில் எழுத்துக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதில் 'படிச்சேன்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.