வசந்தத்தில் கோபம் ஆகாது

ஹான்சோங்,
கல்லறை பெருக்கும் திருநாள் கழிந்த மறுவாரம்.

அன்பு மகள் யான்யானுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம். இந்தத் தடவை முக்கால் நலம் என்று வைத்துக்கொள். மெதுவாகப் படி, பதறாதே. உன் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், இதை எழுதுகிறபோது ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து இடது கையில் ஒரு மாவு உருண்டையை வைத்துப் பிசைந்துகொண்டிருக்கிறார். அது அந்தக் கைக்குப் பயிற்சி. போனில் காமிரா கெட்டுவிட்டது என்று சொன்னோமே, அது கெடவில்லை. அப்பா தூங்குகிறார் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேனே, அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து எனக்குக் கை ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் போனில் சொல்ல வழியில்லாமல் தபாலில் எழுதுகிறேன்.

புத்தாண்டுக்கு நீ வரமுடியாது என்று சொன்ன பிறகு அவருக்குத் தலை பாரமாகவே இருந்தது. வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, உனக்குத்தான் தெரியுமே. தெருமுனை வைத்தியர் கௌவிடம் போய் நாடி காட்டினார். வசந்தம் பிறக்கிறபோது கல்லீரலில் சூடு ஏறும், கோபப்படக் கூடாது, புளிப்பைக் குறைத்து இனிப்புச் சுவையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், காலையில் சீக்கிரம் எழுந்து உடுப்பைத் தளர்த்திக்கொண்டு மெதுவாக நடங்கள், பருத்தி திணித்த சட்டையை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள், செவ்வந்திப்பூ போட்ட வெந்நீர் குடியுங்கள் என்று கௌ சொன்னார். எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் உன் அப்பா காலமெல்லாம் ரயில் பாதையைச் சோதித்தே பிழைத்த மனுஷர், அவருக்கு யார் எதைச் சொன்னாலும் அது சட்டம். மறுநாளே வினிகர் பாட்டிலை எடுத்து அலமாரிக்கு மேல் ஒளித்து வைத்துவிட்டார். வினிகர் இல்லாமல் நம் ஊரில் யாராவது ஆவியில் அவித்த அரிசித்தாள் சாப்பிட முடியுமா, நீயே சொல். சாம்பல் கரைத்த தண்ணீரில் ஊறிய காகிதம் மாதிரி இருந்தது. குளிர் முடிந்து பூச்சிகள் கண் விழிக்கிற நாள் என்று எல்லோரும் பேரிக்காய் தின்றால் இவர் அதிலும் புளிப்பு இருக்கிறதா என்று நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். விடியுமுன் என்னை எழுப்பி, தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முற்றத்தில் நட, வசந்தத்தில் அப்படித்தான் நடக்கவேண்டும் என்றார். அவிழ்த்துவிட எனக்கு எங்கே முடி இருக்கிறது? பான் அக்கா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, யாரைப் பயமுறுத்தப் போறீங்க ரெண்டு பேரும் என்று கேட்டாள். இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமல் போனது. இரத்தக் கொதிப்புக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையையும் அவர் நிறுத்திவிட்டிருந்தார். கௌ சொன்ன பூத்தண்ணீரும் அந்த மாத்திரையும் உள்ளே போய்ச் சண்டை போடும் என்று அவராகவே ஒரு முடிவு.

கடுகு வயல்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்த சமயம். ஆற்றங்கரையில் ஜிசாய்க் கீரை முளைத்திருக்கிறது, பூ விட்டால் முற்றிப்போகும், வசந்தத்தில் கல்லீரலுக்கு அதைவிட மருந்தில்லை என்று கூடையும் கத்தியும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். எனக்கு முன்னால் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தவர் சும்மா உட்காருவது மாதிரி உட்கார்ந்தார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு ஏதோ சொன்னார், வார்த்தை குழைந்து வந்தது, வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. இடது கையில் பிடித்திருந்த கூடை நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் எப்படிக் கத்தினேன், கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எப்படி ஓடிவந்தார்கள் என்பதெல்லாம் எனக்கே சரியாக நினைவில்லை. அவர்களுடைய மூன்று சக்கர வண்டியில் மீன் கூடைகளுக்கு நடுவே அவரைப் படுக்கவைத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீக்கிரம் வந்துவிட்டீர்கள், தாமதித்திருந்தால் வேறு கதை என்று டாக்டர் சொன்னார். மூளைக்குப் போகிற இரத்தக் குழாயில் அடைப்பு. மருந்து ஏற்றிக் கரைத்தார்கள். மாத்திரையை நிறுத்திய விஷயம் அங்கேதான் வெளியே வந்தது.

செய்தி கேட்டு வைத்தியர் கௌ வார்டுக்கே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "கெங் அண்ணே, கீரை தின்னச் சொன்னேன், மாத்திரையைத் தூக்கி எறியச் சொன்னேனா?" என்றார். அப்பா குழறிக் குழறி, ஒண்ணுக்கொண்ணு ஆகாதுன்னு நீதானே சொன்னே என்றார். "ஜின்செங் வேருக்கும் முள்ளங்கிக்கும் ஆகாதுன்னு சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டுட்டு நீங்க பாதை மாத்திப் போய்ட்டீங்க" என்றார் கௌ. பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. இனிமேல் என்னிடம் வருகிறபோது அந்த மாத்திரை டப்பாவைக் கையில் கொண்டுவந்தால்தான் நாடி பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான், யான்யான், எனக்கு ஓய்ச்சல் தட்டியது. அவரைத் தூக்கி உட்காரவைக்கவேண்டும், குளிப்பாட்டவேண்டும், ஒன்றுவிட்டு ஒருநாள் அக்குபங்சர் ஊசி குத்த கௌவிடம் கூட்டிப்போகவேண்டும், மண்சட்டியில் மருந்து காய்ச்சவேண்டும், அது பொங்காமல் பக்கத்திலேயே நிற்கவேண்டும். இதெல்லாம் உடம்பு வேலை, செய்துவிடலாம். அவர் கோபப்படக் கூடாது என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் பார், அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முடியவில்லை. திருநாளன்று பெரியவர்களின் கல்லறை பெருக்க நான் தனியாகப் போனேன். புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கேயே கொஞ்சநேரம் சாய்ந்துவிட்டேன், யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. ஒருநாள் ஊசி குத்தி முடித்ததும் கௌ என்னைப் பார்த்து, அண்ணி கொஞ்சம் கையை நீட்டுங்கள் என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். விடவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்தார். பிறகு, "வில்லு நாண் மாதிரி இறுகியிருக்கு. யார்மேல இருக்கிற கோபத்தை இப்படி அடக்கி வெச்சிருக்கீங்க?" என்றார். எனக்கு யார்மேலும் கோபமில்லை, வசந்தத்தில் கோபம் ஆகாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். கோபப்படாமல் இருப்பது வேறு, கோபத்தை விழுங்குவது வேறு, கல்லீரல் மரம் மாதிரி, வசந்தத்தில் துளிர்விடத்தான் பார்க்கும், துளிர் மேல் கல்லைத் தூக்கி வைத்தால் அது கோணிக்கொண்டு வளரும் என்று சொன்னார். அவர் பேசுவதை அப்பா கேட்கவில்லை, சுவரில் நரம்புகள் வரைந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரோ என்னவோ.

அந்த வாரமே ஒருநாள் மத்தியானம் அரிசித்தாள் அவித்திருந்தேன். அவருக்கு வினிகர் போடாமல் கொடுத்துவிட்டு அலமாரி மேலிருந்த பாட்டிலை எடுத்து என் கிண்ணத்தில் மட்டும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, சொல்லச் சொல்லக் கேக்கமாட்டியா, இந்த வீட்டில ஒழுங்குன்னு ஒண்ணு இல்லையா என்று தன் கிண்ணத்தை நகர்த்தினார். அவ்வளவுதான். எனக்குள் எது அறுந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்றுகொண்டு கத்தினேன். "நீங்க விழுந்தது வினிகராலயா? பொண்ணு வரலைங்கிற கோபம் உங்களுக்கு. அவகிட்ட கேக்க வாய் வரல, என் சோத்துல வந்து ஒழுங்கு பாக்கறீங்க" என்றேன். இன்னும் நிறைய சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது. பான் அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள், நான் அவளையும் உள்ளே போகச் சொல்லிக் கத்தினேன். அப்பா எதிர்த்துக் கத்துவார் என்று நினைத்தேன், இரத்தக் கொதிப்பு ஏறிவிடுமோ என்று பயமும் வந்துவிட்டது. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, குழறாமல் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நான்தானே போன்னு சொன்னேன். நல்ல வேலை, போம்மான்னு ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். இப்ப எந்த வாயால வான்னு சொல்றது?" அப்புறம் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஆறிப்போனதைச் சாப்பிட்டோம். பாதியில் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, எனக்கும் ஒரு சொட்டு ஊத்து என்றார். ஊற்றினேன். அன்றைக்கு மத்தியானம் நான் சாயங்காலம் வரை தூங்கினேன், மருந்துச் சட்டியை அவரே ஒரு கையால் இறக்கி வைத்திருந்தார்.

இப்போது மாத்திரையை என் கண் முன்னால் விழுங்குகிறார். கௌவின் கஷாயமும் உண்டு, ஆஸ்பத்திரி டாக்டருக்குக் காட்டிக் கேட்டுக்கொண்டுதான். நடை திரும்பிவிட்டது. கை மட்டும் தாமதம், குச்சியால் நூடுல்ஸ் எடுப்பது வலது கை என்பதால் பிழைத்தோம். உனக்கும் கௌ சொல்வதையே சொல்கிறேன். அங்கே வசந்தத்திலும் மழையும் காற்றும்தான் என்கிறாய், வெயில் ஒருநாள் அடித்ததும் கம்பளியைத் தூக்கிப் போடாதே. மேலே குறைத்தாலும் இடுப்புக்குக் கீழே கதகதப்பாக வைத்துக்கொள். பிடரியில் காற்று பட விடாதே. ராத்திரி வேலையை மூடிவைத்துவிட்டுப் படு, அந்தக் கப்பல் வரைபடங்கள் மறுநாளும் அங்கேயேதான் இருக்கும். சிவப்பு இலந்தையும் கிழங்கும் போட்டுக் கஞ்சி வை. யார்மேலாவது கோபம் வந்தால் வைத்துப் பூட்டாதே, எங்கள்மேல் என்றாலும் சரி, போன் பண்ணிக் கத்து, மத்தியானத்தில் மட்டும் வேண்டாம், அவர் தூங்குகிற நேரம்.

ஒவ்வொரு தடவையும் எங்களைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்லித்தான் போனை வைப்பேன். இன்றைக்கு அதை எழுதவில்லை. கொஞ்சம் கவலைப்படு. நான் களைத்துப்போயிருக்கிறேன் யான்யான். விடுமுறை கிடைத்தால் வா, இலையுதிர்காலம் வரை தள்ளிப்போடாதே. அப்பாவைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வந்தால் அவர் விறைத்துக்கொள்வார், அம்மாவைப் பார்க்க வந்தேன் என்று சொல். அது உண்மையாகவும் இருக்கட்டும்.

நீ நோயில்லாமல், நல்ல மனுஷர்கள் சூழ, கால் சூடாக நெடுநாள் வாழவேண்டும். அடுத்த தடவை அப்பாவிடம் போனில் பேசும்போது எடுத்ததும் அவர் கை எப்படி இருக்கிறது என்று கேட்காதே, சமைக்கிற ஷியாங்சுன் மரக் கொழுந்து துளிர்த்துவிட்டதா என்று கேள், அவர் வாயைத் திறந்துவிடுவார்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா நியே யூஸு